புதுக் கை

நாய்க்குக் குரு உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். நாய் வளர்க்கிறவனுக்குக் குரு வேண்டும். இல்லாமல் வளர்க்கிறவன் வீட்டைத் தாண்டிப் போகும் தபால்காரரைக் கேட்டால் தெரியும்.

சாத்தூருக்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவில் கம்பிவேலி போட்ட ஓர் இடம். அங்கே அரியநாச்சி சிப்பிப்பாறை நாய்கள் வளர்த்தாள். வயது முப்பத்தாறு. அதிகம் பேச மாட்டாள். கேள்வி கேட்டால் பதிலுக்கு எதையாவது செய்து காட்டுவாள். புரிந்தவர்கள் குட்டியோடு போவார்கள். புரியாதவர்கள் வெறுங்கையோடு போவார்கள். குருவை ‘அவள்’ என்பதா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அம்மனையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் தளவாய்சாமி. அறுபது வயது. தீயணைப்புத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவர். முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை. யாரிடமும் கை நீட்டாத மனிதர் என்று ஊரில் பெயர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தலையைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி வடிவு போடுகிற சோற்றைத்தான் சாப்பிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, மீசை கொள்ளாத பெருமை.

அவர் வந்தது குட்டி வாங்க. “குட்டி வேணும்னா இருபத்தஞ்சு நாள் வந்து போகணும், சார்” என்றாள் அரியநாச்சி. அப்படித்தான் சீடரானார்.

முதல் நாள் வேலிக்குள் நுழைந்ததும் கேட்டார்.

“நல்ல குட்டிக்கு என்னம்மா அடையாளம்?”

தாய் நாயைச் சுற்றி ஆறு குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. பிறந்து முப்பத்தைந்து நாள். அரியநாச்சி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, கல்லில் போட்டாள்.

காது கிழிந்துபோகிற சத்தம். குட்டிகள் நாலாபக்கமும் சிதறின. இரண்டு தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டன. மூன்று கட்டிலுக்குக் கீழே ஓடின. வெள்ளைக் குட்டி ஒன்று மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

தளவாய் துள்ளிவிட்டார். “இதுதாம்மா! அசையவே இல்லையே! என்ன தைரியம்!”

“அதுக்குக் காது கேக்காது, சார்.”

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, ஓடினதுல எது நல்லது?”

அவள் தாடையால் தட்டைக் காட்டினாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செவலைக் குட்டி தலையை நீட்டியது. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. தட்டைச் சுற்றி ஒரு சுற்று. மோந்து பார்த்தது. பிறகு, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பதுபோல் தட்டை நக்கத் தொடங்கியது. மற்ற குட்டிகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“ஓடுறது பெரிசில்ல. முதல்ல திரும்பி வருதே, அதைப் பாருங்க,” என்றாள் அரியநாச்சி.

அந்த நிமிடமே தளவாய் முடிவு செய்துவிட்டார். அதற்குக் கருடன் என்று பெயரும் வைத்துவிட்டார்.

இருபத்தைந்து நாளும் தவறாமல் வந்தார். வேலிக்குள் நடப்பதெல்லாம் அவருக்கு விசித்திரமாக இருந்தது. அரியநாச்சி குட்டிகளுக்கு முன்னால் குடையை விரிப்பாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவற்றின் நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பாதத்தைத் தூக்கிப் பார்ப்பாள், வாயைத் திறந்து பல்லைத் தொடுவாள், காதுக்குள் ஊதுவாள். பால்காரர் வந்தாலும் ஆடு மேய்க்கிற இசக்கி வந்தாலும் கையில் ஒரு குட்டியைக் கொடுக்காமல் விட மாட்டாள். குடற்புழுவுக்கு மருந்து கொடுக்கும் நாளில்கூட, கொடுத்த கையோடு ஒரு வாய் தயிர்ச்சோறு ஊட்டிவிடுவாள்.

அறுபதாவது நாள் கருடனைத் தளவாய் கையில் கொடுத்தாள். அன்றைக்குத்தான் கொஞ்சம் சேர்ந்தாற்போல் பேசினாள்.

“காதுக்குப் பின்னாடியும் விரலிடுக்குலயும் தினம் தடவிப் பாருங்க, உண்ணி உக்காந்திருக்கும். மிச்ச ஊசி முடியிற வரைக்கும் தெருவுல இறக்கி விடாதீக, கழிச்சல் நோய் ஒட்டிக்கிடும். அதுக்காக வீட்டுல பூட்டியும் வைக்காதீக. இடுப்புல தூக்கிட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட்டு, தீப்பெட்டி ஆபீசு, கோயில் கொட்டு, எல்லாத்தையும் காட்டுங்க.”

“எத்தனை நாளைக்கும்மா?”

“பதினாலு வாரம் ஆகிற வரைக்கும் குட்டி மனசுல கதவு திறந்திருக்கும். அதுக்குள்ள தினம் ஒரு புதுக் கை.”

“புதுக் கைன்னா?”

“தினம் ஒரு புது ஆளு கையால ஒரு வாய் திங்கணும்.”

தளவாய் தலையாட்டினார். தலைதான் ஆடியது. தீயில் குதித்து ஆளைத் தூக்கி வந்த தோள் இது. இதில் நாய்க்குட்டியைப் பிள்ளை பெற்றவள் மாதிரி இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதா? அதுகூடப் பரவாயில்லை. கண்டவன் கையில் எல்லாம் வாங்கித் தின்னப் பழக்குவதா? அப்புறம் அது நாயா, பிச்சைக்காரனா? நன்றாக வளர்க்கத்தான் தெரிகிறது, வீட்டுக் காவல் என்றால் என்னவென்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

வீட்டுக் கொல்லையில் ஆள் உயரச் சுவர். அதற்குள் கருடன் வளர்ந்தான். குறை சொல்லக் கூடாது, ராஜ உபசாரம்தான். போட வேண்டிய ஊசியெல்லாம் தேதி தவறாமல் போட்டார். முட்டை, ஈரல், கேப்பைக் களி என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் ஓட்டத்துக்குக் கூட்டிப் போய் வந்துவிடுவார். மற்றபடி கருடன் பார்த்ததெல்லாம் சுவர், ஆகாயம், தளவாயின் மீசை.

ஆறு மாதத்தில் கருடன் வில்லாக வளைந்து நின்றான். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், சாட்டை வால். கொல்லைக் கதவை யார் தொட்டாலும் சுவரோரம் ஒண்டிக்கொண்டு பல்லைக் காட்டுவான். வடிவு சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் உள்ளே போன பிறகு தளவாய் அதே சோற்றை எடுத்து நீட்டினால் நக்கித் தீர்ப்பான்.

“ரெண்டும் ஒரே அச்சு,” என்பாள் வடிவு. “ஒண்ணு ஊரு வீட்டுல கை நனைக்காது. இன்னொண்ணு என் கையால திங்காது.”

தளவாய்க்குக் கேட்கக் கேட்க இனித்தது. பென்ஷன் வாங்கும் இடத்திலும் சலூனிலும் யார் நாய்ப் பேச்சை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், அவர் சொன்னது ஒன்றுதான்.

“என் நாய் என்னையத் தவிர யார் கையாலயும் சாப்பிடாது.”

இதைக் குருவிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கிளம்பிப் போனார்.

அரியநாச்சி தாய் நாய் ஒன்றுக்குக் காது துடைத்துக்கொண்டிருந்தாள். தளவாய் நெஞ்சை நிமிர்த்தி நின்று விஷயத்தைச் சொன்னார். பெற்ற தாய் மாதிரி சோறு வைக்கிறவள் கையைக்கூடச் சீண்டாது என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னார். மெச்சுவாள் என்று காத்திருந்தார்.

“அப்ப நீங்க சாகக் கூடாது, சார்,” என்றாள் அவள், பஞ்சை மாற்றிக்கொண்டே.

தளவாய் விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியில் ஏறி, மெயின் ரோட்டுக்கு வந்து, ரயில்வே கேட் அருகில் நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. மீதித் தூரம் அவருக்கு ஏனோ வாய் கசந்தது.

ஒரு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கருடன் முட்டையைச் சீண்டவில்லை. படுத்த இடத்திலிருந்து கண்ணை மட்டும் உயர்த்தினான். மூக்கு காய்ந்து சுட்டது. தளவாய் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பதறிப்போய் உடம்பு முழுக்கத் தடவினார். பின்னங்கால் விரலிடுக்கில், புளியங்கொட்டை அளவுக்கு ரத்தம் குடித்த இரண்டு உண்ணி. தினம் தடவிப் பாருங்கள் என்று அவள் சொன்னதை அவர் எப்போதோ வாரத்துக்கு ஒரு நாளாக ஆக்கியிருந்தார். என் நாய்க்கு உண்ணியா என்ற நினைப்புதான் காரணம்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் எஸ்தர் நிதானமான பெண். ஆனால் அவர் கையை நீட்டியதுமே கருடன் வெறிபிடித்தவன்போல் ஆகிவிட்டான். புது வாசனை, புதுச் சத்தம், முகத்தருகே ஒரு புதுக் கை. அவன் ஆயுளில் பார்த்திராத அத்தனையும் ஒரே அறையில் இருந்தன. வாயைத் துணியால் கட்டி, தளவாயும் இன்னும் மூன்று பேரும் அமுக்கிப் பிடித்தார்கள். பிடிக்கப் பிடிக்கத் திமிறினான். திடீரென்று அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மேஜையில் சொட்டியது.

“விடுங்க. எல்லாரும் கையை எடுங்க,” என்றார் டாக்டர்.

கருடன் மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கினான். டாக்டர் தளவாயை வாசலுக்கு அழைத்து வந்தார்.

“உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. மாத்திரையை நீங்க ஈரல்ல வச்சுக் குடுத்துருவீங்க, ஆனா அது மட்டும் பத்தாது. ஊசி போடணும், டிரிப் ஏத்தணும். இப்படித் திமிறினா உள்ளயே ரத்தம் கசிய ஆரம்பிச்சிரும்.”

“மயக்க ஊசி குடுத்து...”

“இந்த ரத்தத்துல மயக்கம் குடுத்தா எந்திரிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“எவ்வளவு நாள் தாங்கும் டாக்டர்?”

“ரெண்டு நாள். மூணாவது நாள் என்னைக் கேக்காதீங்க.”

தளவாய் கருடனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறார். இவ்வளவு கனம் இருந்ததில்லை. ஆட்டோவில் ஏறி அரியநாச்சியின் இடத்துக்கு விடச் சொன்னார்.

அரியநாச்சி வேலிக் கதவைத் திறந்துவிட்டு எட்டியே நின்றாள். கருடன் தளவாயின் அக்குளில் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

“தட்டு விழுந்தப்ப முதல்ல திரும்பி வந்த குட்டி,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தளவாய் தாங்கியிருப்பார். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். இந்த ஒரு வாக்கியத்தை அவரால் தாங்க முடியவில்லை. அதுவரை ‘அம்மா’ என்று கூப்பிட்டவர் முதல்முறையாக வேறு மாதிரி கூப்பிட்டார்.

“தாயி, கதவு சாத்தியாச்சா?”

“சாத்தியாச்சு. ஜன்னல் இருக்கான்னு பாப்போம்.”

வேப்பமர நிழலில் சாக்கு விரித்து இருவரையும் உட்காரச் சொன்னாள். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் அவித்த ஈரலும், ஒரு தட்டில் ரசஞ்சோறும் கொண்டுவந்தாள். நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஈரல் துண்டு ஒன்றைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டினாள்.

“வாயைத் திறங்க.”

தளவாய் அவசர அவசரமாகக் கருடனின் உதட்டைத் தூக்கினார்.

“அதுக்கு இல்ல சார். உங்க வாயை.”

புரிந்ததும் அவருக்கு முகம் சிவந்தது.

“நான் யார் கையாலயும் சாப்பிட மாட்டேன் தாயி. வடிவுகூடத் தட்டுலதான் போடுவா.”

“அதுவும் அதைத்தான் சொல்லுது,” என்றாள், கருடன் பக்கம் தலையை அசைத்து.

உருண்டை நீட்டிய கையிலேயே இருந்தது. தளவாய் அதைப் பார்த்தார். மடியில் கிடக்கிற நாயின் மூச்சு அவர் தொடையில் சுட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போவதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

சோறு உள்ளே போனது. இறங்க மறுத்தது. கல்லை விழுங்குவதுபோல் விழுங்கினார்.

கருடன் தலையைத் தூக்கி அவர் வாயைப் பார்த்தான். பிறகு அரியநாச்சியின் கையைப் பார்த்தான். ஈரலைத் தொடவில்லை. மறுபடியும் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வேலியோரம் ஆடு பத்திக்கொண்டு போன இசக்கியை அவள் கூப்பிட்டாள். வந்து உட்கார்ந்து சாருக்கு ஒரு வாய் ஊட்டச் சொன்னாள். இசக்கி கையை மூன்று தடவை கழுவினார். அப்படியும் ஆட்டு வாசனை போகவில்லை. தளவாய் அதையும் விழுங்கினார். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த மூன்று பெண்களையும் அவள் விடவில்லை. “ஆபீசரு, ஆ காட்டுங்க” என்று அவர்கள் ஊட்டிவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போனார்கள். அரியநாச்சி போன் போட்டதும், டாக்டர் எஸ்தர் மருத்துவமனை வேலை முடிந்து தன் ஸ்கூட்டரில் வந்தார். அவரும் நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டிவிட்டு, பையைத் திறக்காமலே எழுந்து போனார். கருடன் அசையவில்லை. மாத்திரை வைத்த ஈரலை மட்டும் தளவாய் கையால் தின்றான்.

“ஆறு கை தாயி,” என்றார் தளவாய். “மானம் மரியாதை எல்லாம் போச்சு. இன்னும் இவன் நம்பலையே?”

“நீங்க நம்பலையே சார். கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டுல்லா சாப்பிட்டீக. அது சோத்தைப் பாக்கல, உங்க தோளைப் பாக்குது.”

மறுநாள் சனிக்கிழமை. டாக்டர் சொன்ன இரண்டாவது நாள். கருடன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பின்னங்கால் மடங்கி விழுந்தான்.

காலை பஸ்ஸில் வடிவு வந்து இறங்கினாள். கையில் தூக்குச்சட்டி. புருஷன் வெளியில் சாப்பிட மாட்டாரே, நேற்றிலிருந்து பட்டினியாக அல்லவா கிடப்பார் என்று புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“நல்லதாப் போச்சு. ஊட்டி விடுங்கக்கா,” என்றாள் அரியநாச்சி.

“யாருக்கு? நாய்க்கா?”

“இவுகளுக்கு.”

வடிவு ஒருமுறை குருவைப் பார்த்தாள், ஒருமுறை புருஷனைப் பார்த்தாள். அவர் மறுப்புச் சொல்லாமல் சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நேற்று ஆறு பேர் ஊட்டிய கதையை அரியநாச்சி இரண்டு வரியில் சொன்னாள். வடிவு சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு பிடி உருட்டி நீட்டினாள்.

தளவாய் வாயைத் திறந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இசக்கியிடம் வராத வெட்கம்.

“அடேயப்பா,” என்றாள் வடிவு. “கல்யாணத்தன்னைக்குப் பாலும் பழமும் குடுக்கையில மீசை கலஞ்சிரும்னு மூஞ்சியைத் திருப்புன மனுஷன். முப்பத்தஞ்சு வருசமா நான் திறக்க வைக்க முடியாத வாயை ஒரு நாலுகால் திறந்திருக்கு பாத்தீகளா!”

தளவாய்க்குப் புரையேறியது. சோறு சிதறச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். வடிவு அவர் தலையில் தட்டினாள். அவள் தலையைத் தட்டத் தட்ட இன்னும் சிரித்தார். மீசையில் புளிச்சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது; அதை அவர் துடைக்கவில்லை. “இன்னொரு வாய் குடு வடிவு,” என்று அவராகவே கேட்டார். அந்தச் சோறு அவருக்கு ருசித்தது. இவ்வளவு நாள் இந்த ருசி எங்கே போயிருந்தது என்று நினைத்தபோது, சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது.

கருடன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பின்னுக்கு ஒட்டியிருந்த காது இரண்டும் தளர்ந்திருந்தன. தளவாயின் தோளையே பார்த்தான். பிறகு வடிவின் கையைப் பார்த்தான். கழுத்தை நீட்டி அந்த விரல்களை மோந்தான்.

“பேசாதீக. அவனைப் பாக்காதீக. சாப்பிட்டுக்கிட்டே இருங்க,” என்றாள் அரியநாச்சி, உதடு அசையாமல்.

வடிவின் இடக்கையில் அவள் ஓர் ஈரல் துண்டை வைத்தாள். கருடன் அதை எடுத்தான். மென்றான். இன்னும் இருக்கிறதா என்று உள்ளங்கையை நக்கினான்.

வடிவு கையை நகர்த்தவே இல்லை. “ஏங்க,” என்றாள் மெதுவாக. “இவன் நாக்கு இவ்வளவு சூடாவா இருக்கும்?”

அதற்குப் பிறகு ஜன்னல் மெல்ல மெல்லத் திறந்தது. மத்தியானம் அரியநாச்சியின் கையில் இரண்டு துண்டு. ஆடு பத்தி வந்த இசக்கியின் கையில் ஒன்று. அதைத் தூரத்திலிருந்து கவ்விக்கொண்டு ஓடினான், ஆனாலும் தின்றான். சாயங்காலம் டாக்டர் எஸ்தர் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்பக்கமாக நீட்டிய அவர் கையில் இருந்ததை எடுக்கக் கருடனுக்குக் கால்மணி நேரம் ஆனது. இரண்டாவது துண்டுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. நான்காவது துண்டைத் தின்றுகொண்டிருக்கையில் டாக்டர் இன்னொரு கையால் அவன் முன்னங்காலைத் தொட்டார். தொட்டுவிட்டு எடுத்தார். மறுபடி தொட்டார். அவன் காலை இழுக்கவில்லை.

“வடிவக்கா, சாருக்கு ஊட்டுங்க,” என்றாள் அரியநாச்சி.

ஊசி இறங்கியது. கருடன் உடம்பு சட்டென்று விறைத்தது. பல் தெரிந்தது. அவன் தலையைத் திருப்பித் தளவாயைப் பார்த்தான்.

தளவாய் மென்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் வடிந்தது, ஆனாலும் மெல்லுவதை நிறுத்தவில்லை. தோளைத் தளரவிட்டு, ஊரில் ஒன்றுமே நடக்காததுபோல் மென்றார். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ தீயை அணைத்திருக்கிறார். இதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் செய்ததில்லை.

கருடன் ஒரு பெருமூச்சு விட்டான். தலையை டாக்டரின் முழங்காலில் சாய்த்துக்கொண்டான்.

டிரிப் பாட்டிலை வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக அது முழுவதும் இறங்குகிற வரை வடிவு ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு நாள் கருடன் அங்கேயே இருந்தான். தளவாயும் இருந்தார். தினம் புதிதாக யாராவது வந்தார்கள், தினம் இருவரும் சாப்பிட்டார்கள். ஆறாம் நாள் ஈறில் சிவப்பு எட்டிப் பார்த்தது. பத்தாம் நாள் கருடன் வேலியோரம் ஓடினான், மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். மாத்திரை இன்னும் இரண்டு வாரம், மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர்.

கிளம்புகிற நாளில் எல்லாரும் வந்திருந்தார்கள். கருடன் கயிறு இல்லாமல் வேப்பமரத்தடியில் ஒவ்வொருவரிடமும் போனான். டாக்டர் கையில் பிஸ்கட் வாங்கினான். இசக்கியின் கையில் அரைக் கருப்பட்டித் துண்டு இருக்கிறதென்று மோந்து கண்டுபிடித்தான், அரியநாச்சி முறைத்ததும் இசக்கி அதை மடியில் ஒளித்துக்கொண்டார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடம் கடலை மிட்டாய்க்குப் பல்லிளித்து நின்றான். வடிவு கையில் இருந்ததைக் கேட்டே வாங்கினான்.

தளவாய் தள்ளி நின்று பார்த்தார். முதலில் அவருக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். தான் மட்டுமே என்று இருந்த இடத்தில் இப்போது ஊரே இருக்கிறது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள்ளேயே இன்னொன்று நெஞ்சில் ஏறியது. அந்தச் செவலை உடம்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வாலைச் சுழற்றிக்கொண்டு போகிற அழகு! நடுக்கமில்லை, ஒண்டலில்லை, பல்லைக் காட்டலில்லை. இது என் பிள்ளை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. முன்பு அவர் பட்ட பெருமையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. சலூனில் கேட்பார்களே.

அரியநாச்சி கருடனைப் பிடித்து மடியில் போட்டு, பின்னங்கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உண்ணி பார்க்கத் தொடங்கினாள். தளவாய் அவள் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தார்.

“தாயி, ஒரே ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“இப்ப ஊரு முழுக்க எல்லார் கையாலயும் சாப்பிடுதான். இனிமே நான் எதைச் சொல்லி மார் தட்டுறது?”

அவள் நாலு காலையும் பார்த்து முடித்தாள். கருடனின் நெற்றியில் ஒருமுறை முகத்தை வைத்தாள். பிறகு அவனைத் தூக்கித் தளவாயின் இடுப்பில் வைத்தாள்.

“எங்க விட்டாலும் பொழச்சுக்குவான்னு சொல்லுங்க, சார்.”